சுபோதிவ் கோயிலும் அதன் உடையவர்களும்

உக்ரேன் நாட்டின் நடுப்பகுதியில், நீப்பர் பேராற்றுக்கு மேற்கே, சிகிரின் என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. அந்நகருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில், தியாஸ்மின் என்ற சிற்றாற்றின் பக்கத்தில், சுபோதிவ் என்றொரு கிராமம் உண்டு. ஊரின் மேட்டுப் பகுதியில் வெண்சுண்ணம் பூசிய ஒரு கற்கோயில் நிற்கிறது. எலியா தீர்க்கதரிசியின் பெயரால் 1653-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கிறிஸ்தவக் கோயில் அது. உக்ரேன் அரசாங்கம் வெளியிட்ட ஐந்து ஹிரிவ்னா பணத்தாளின் ஒரு பக்கத்தில் இக்கோயிலின் படமும், மறுபக்கத்தில் இதைக் கட்டிய போக்தான் கிமெல்னித்ஸ்கியின் படமும் அச்சிடப்பட்டன.

ஒரு சிற்றூர்க் கோயிலுக்கு இத்துணைப் பெருமை எப்படி வந்தது? அதைக் கட்டியவர் ஒரு நாட்டையே கிளர்ந்தெழச் செய்த தலைவர் என்பது ஒரு காரணம். அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாய் இருந்ததே இந்தச் சுபோதிவ் ஊரின் உடைமை பற்றிய வழக்கு என்பது மற்றொரு காரணம். ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி முதலில் ஒரு குடும்பத்தின் கேள்வியாக எழுந்தது. பின்னர் ஒரு நாட்டின் கேள்வியாக வளர்ந்தது. அந்த வரலாற்றை முறையாகக் காண்போம்.

பட்டயம் இல்லாத நிலம்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உக்ரேன், போலந்து - லித்துவேனியக் கூட்டரசின் ஆட்சியில் இருந்தது. எல்லைப்புற நிலங்கள் பலவும் அரசனுக்கு உரியவை. அரசன் அவற்றைப் பெரும் பிரபுக்களிடம் ஒப்படைப்பான். அப்படி ஒப்படைக்கப்பெற்ற பிரபுவுக்கு ஸ்தாரோஸ்தா என்று பெயர். அவர் பெரும்பாலும் தொலைவில் தம் மாளிகையில் வாழ்வார். வரி தண்டுவதும், வழக்குத் தீர்ப்பதும், குடியேற்றம் செய்வதும் அவருக்குக் கீழ்ப்பட்ட துணை ஸ்தாரோஸ்தாவின் வேலைகள்.

மிகயில் கிமெல்னித்ஸ்கி என்பவர் சிறிய பிரபுக் குலத்தவர், செல்வம் குறைந்தவர். அவர் தானிலோவிச் என்ற பெரும் பிரபுவிடம் ஊழியம் பார்த்துச் சிகிரினில் துணை ஸ்தாரோஸ்தாவாக உயர்ந்தார். அவருடைய உழைப்புக்குப் பரிசாகச் சுபோதிவ் நிலம் கிடைத்தது. காடும் மேடுமாய்க் கிடந்த இடத்தில் குடிகளை அமர்த்தி ஊராக்கினார். ஆனால் அது ஸ்தாரோஸ்தா கொடுத்த நிலமேயன்றி, நாட்டின் சட்டப்படி உறுதி செய்யப்பெற்ற பரம்பரை நிலம் அன்று. நம் நாட்டில் 'கிராண்டு' என்று சொல்கிறோமே, அத்தகைய அசைக்கமுடியாத பத்திரம் அக்குடும்பத்திடம் இல்லை. பின்னால் வந்த துன்பத்துக்கெல்லாம் வித்து இதுவே.

1620-ஆம் ஆண்டில் துருக்கியருடன் நடந்த செச்சோராப் போரில் மிகயில் மாண்டார். உடன் சென்றிருந்த மகன் போக்தான் சிறைப்பட்டு, இரண்டு ஆண்டுகள் துருக்கியரின் கைதியாக இருந்தார். மீட்கப்பெற்றுத் திரும்பியபின் சுபோதிவில் குடியமர்ந்து, திருமணம் செய்துகொண்டு, வயலும் தோட்டமுமாய் வாழ்ந்தார். ஏசு சபையாரின் கல்லூரியில் பயின்று இலத்தீன் கற்றவர். அதனோடு துருக்கி மொழியும் அறிந்தவர். அரசாங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற கொசாக்கு வீரர் படையில் சேர்ந்து, 1638-க்குப் பின் சிகிரின் நூற்றுவர் தலைவராகப் பணியாற்றினார். அரசாங்கத்துக்கு எதிராக வாளெடுப்பவர் என்று அந்நாளில் அவரை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கொசாக்குகள் யார் என்பதையும் சொல்லவேண்டும். பிரபுக்களின் பிடியிலிருந்து தப்பித் தெற்கேயுள்ள புல்வெளிகளில் குடியேறிய வீரக் குடிகள் அவர்கள். அரசாங்கம் அவர்களுள் ஒரு சிலரை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு சம்பளமும் உரிமையும் அளித்தது. 1638-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகையை 6,000 என வரையறுத்தது. ஏட்டில் பெயர் ஏறாதவன் எவ்வளவு வீரனாயினும் பண்ணையடிமையாகப் பிரபுவின் நிலத்துக்குத் திரும்பவேண்டும் என்பது சட்டம்.

1647: ஊர் பறிபோன கதை

சிகிரின் பகுதி, காலப்போக்கில் கோனியெத்ஸ்போல்ஸ்கி என்ற பெருங்குடும்பத்தின் கைக்கு வந்தது. தந்தை ஸ்தானிஸ்லாவ் 1646-இல் இறந்தார். மகன் அலெக்சாந்தர் பட்டத்துக்கு வந்தார். அவருக்குக் கீழே துணை ஸ்தாரோஸ்தாவாக இருந்தவர் தானியேல் சாப்லின்ஸ்கி. சுபோதிவின்மீது அவருக்குக் கண் விழுந்தது.

ஆபத்தை உணர்ந்த போக்தான், அதே 1646-இல் அரசன் நான்காம் விளாதிஸ்லாவிடம் சென்று, சுபோதிவ் தமக்குரியது என ஓர் உறுதிப் பத்திரம் பெற்றார். ஆனால் வார்சாவில் எழுதப்பெற்ற பத்திரத்துக்குச் சிகிரினில் மதிப்பில்லை. வல்லான் வகுத்ததே வாய்க்கால் அல்லவா? 1647-இல் சாப்லின்ஸ்கியின் ஆட்கள் சுபோதிவில் புகுந்தனர், களத்துத் தானியத்தை வாரிச் சென்றனர், குடும்பத்தைத் துரத்தினர். போக்தானின் சிறுவயது மகன் ஒருவனைக் கடுமையாக அடித்தனர். அந்த அடியில் அவன் இறந்தான் என்று கூறும் குறிப்புகளும் உள்ளன. மனைவியை இழந்திருந்த போக்தான் தம் வீட்டில் வைத்து வாழ்ந்த பெண்ணையும் சாப்லின்ஸ்கி கவர்ந்து சென்று மணந்துகொண்டார்.

போக்தான் நீதி கேட்டு வார்சாவுக்குப் போனார். இழந்த சொத்துக்கு ஈடாகாத ஒரு சிறு தொகையே அவருக்குத் தீர்ப்பாயிற்று என்பர். அரசனைக் கண்டபோது, 'உன் இடுப்பில் வாள் இருக்கிறதே' என்ற பொருள்பட அவன் கூறினான் என்றொரு கதை வழங்குகிறது. இது நடந்ததோ இல்லையோ, மக்கள் இதனை நம்பினர் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி. அரசனே கைவிரித்துவிட்டான் என்றால் இனி யாரிடம் முறையிடுவது? அவ்வாண்டின் இறுதியில் போக்தான் கைது செய்யப்பெற்றார். நண்பர்களின் உதவியால் விடுபட்டு, நீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த சப்போரோழியக் கொசாக்குகளின் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்.

ஒருவர் வழக்கு, ஒரு நாட்டின் போர்

1648-ஆம் ஆண்டு சனவரியில் அந்தக் கோட்டை அவர் வசமாயிற்று. கொசாக்குகள் அவரைத் தம் தலைவராக, அதாவது ஹெத்மானாகத் தேர்ந்தெடுத்தனர். கிரிமியத் தாத்தாரியரின் கானுடன் அவர் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டார். மே மாதம் 16-ஆம் நாள் 'மஞ்சள் நீர்' எனப் பொருள்படும் சோவ்தி வோதியிலும், 26-ஆம் நாள் கோர்சூனிலும் போலந்துப் படைகள் முறியடிக்கப்பட்டன. இவ்விரு போர்களுக்கும் இடையே, 20-ஆம் நாள், அரசன் விளாதிஸ்லாவும் இறந்துபோனான். ஆண்டு முடிவதற்குள் கீவ் நகரம் அவரை விடுதலை வீரர் என வரவேற்றது.

தம் நிலத்துக்காக எழுந்த ஒருவர் பின்னே இத்தனை ஆயிரம் பேர் ஏன் திரண்டனர்? அவரவருக்கும் ஒரு சுபோதிவ் இருந்தது என்பதே விடை. பண்ணையடிமைகளுக்கு வாரத்தில் பல நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லா வேலை. கொசாக்குகளுக்குப் பதிவேட்டின் கட்டு. மேலும், 1596-ஆம் ஆண்டு பிரெஸ்து உடன்பாட்டின்படி உக்ரேனியத் திருச்சபையின் ஒரு பகுதி ரோமாபுரியின் தலைமையை ஏற்றது. பழைய வைதீக முறையில் நின்றவர்கள் தம் கோயில்களையும் மடங்களையும் இழந்து வருந்தினர். ஒரு கிராமத்துக் கோயிலுக்குக் குருவை அமர்த்தும் உரிமை ஊர்ப் பிரபுவுக்கு இருந்தது. ஆகவே பிரபு மதம் மாறினால் குடிகளின் கோயிலுக்கும் இடர் நேர்ந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். பிரபுக்கள் தம் ஊர்களின் ஆலைகளையும் மதுக்கடைகளையும் வரிகளையும் குத்தகைக்கு விட்டனர். குத்தகைக்காரர்களில் பலர் யூதர்கள். பிரபுவைக் குடியானவன் கண்டதில்லை. குத்தகைக்காரனையே நாள்தோறும் கண்டான். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாகக் கிளர்ச்சிக்காரரின் சினம் யூத மக்கள்மேல் பாய்ந்தது. குத்தகையோடு எவ்விதத் தொடர்புமற்ற ஏழைகளும், பெண்டிரும், குழந்தைகளும் ஊர் ஊராகக் கொல்லப்பட்டனர். மாண்டவர் ஓரிலட்சம் என்று பழைய நூல்கள் கூறின. 18,000 முதல் 20,000 வரை என இக்கால ஆய்வாளர் மதிப்பிட்டதும் உண்டு. எத்தொகையைக் கொண்டாலும் அது பெருங்கொடுமை. அதிலிருந்து தப்பியோடிய நாதன் ஹன்னோவர் என்ற யூத அறிஞர், தம் இனத்தார் பட்ட துயரை எபிரேய மொழியில் நூலாக எழுதி வெனிஸ் நகரில் அச்சிட்டார். அந்நூல் வெளியான ஆண்டு 1653. சுபோதிவில் கோயில் எழுந்த ஆண்டும் 1653. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டையும் சேர்த்தே அக்காலத்தின் வரலாற்றை நாம் படிக்கவேண்டும்.

கோட்டை போன்ற கோயில்

மீட்ட ஊரில் போக்தான் தம் மாளிகையை அரண் சூழ அமைத்தார். அதனருகே குடும்பத்துக் கோயிலாக எலியா தீர்க்கதரிசியின் கோயிலைக் கட்டுவித்தார். அந்நாளில் உக்ரேனியக் கிராமக் கோயில்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. இதுவோ கல். சுவரின் கனம் சில இடங்களில் இரண்டு மீட்டர் அளவுக்கு உண்டு. சுவரில் துப்பாக்கித் துளைகளும் வைக்கப்பட்டன. தாத்தாரியரோ போலந்துக்காரரோ படையெடுத்தால், வழிபடும் இடமே மக்கள் ஒளியும் கோட்டையாகவும் அமைய வேண்டும் என்பது நோக்கம். கிழக்கு ஐரோப்பியக் கோயில் என்றவுடன் நம் கண்முன் தோன்றும் குமிழ் வடிவக் கோபுரங்கள் இதற்கு இல்லை. செங்குத்தான கூரையும், முகப்பில் வளைந்து வளைந்து உயரும் சுவருமே இதற்கு அழகு. உக்ரேனிய 'பரோக்' கட்டடக் கலையின் தொடக்ககாலச் சின்னங்களுள் ஒன்றாக இதனைக் கலையறிஞர்கள் போற்றுவர். அருகில் தனியே நிற்கும் மணிக்கூண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்தது.

கோயில் கட்டப்பெற்ற மறு ஆண்டில், சிரியா நாட்டின் அலெப்போ நகரத்தவரான பவுல் என்ற குருமார் தம் தந்தையாகிய அந்தியோக்கியத் தலைமைக் குருவுடன் கொசாக்குகளின் நாட்டு வழியே பயணம் செய்தார். அரபு மொழியில் அவர் எழுதிய பயணக் குறிப்பில் ஒரு செய்தி, ஆசிரியர்களாகிய நம் நெஞ்சைத் தொடத்தக்கது. அந்நாட்டாருள் ஏறக்குறைய எல்லாருமே, பெண்களில் பெரும்பாலோரும் உட்பட, எழுத்தறிந்தவர்கள் என்றும், வழிபாட்டு முறைகளை அறிந்தவர்கள் என்றும், தாய் தந்தையற்ற பிள்ளைகளைக் குருமார்கள் தெருவில் அலையவிடாமல் படிப்பிக்கின்றனர் என்றும் அவர் வியந்து எழுதினார். விருந்தினரின் வியப்பில் சிறிது மிகை இருக்கலாம். எனினும், ஊர்தோறும் கோயிலை ஒட்டிப் பள்ளி இருந்தது என்பது மெய்.

பத்திரம் யாருக்குக் கிடைத்தது?

இனி நம் கேள்விக்கு வருவோம். போருக்குப் பின் நிலம் யாருக்குச் சொந்தமாயிற்று?

1649-ஆம் ஆண்டுச் சொபோரிவ் உடன்படிக்கையின்படி பதிவேட்டுக் கொசாக்குகளின் தொகை 40,000 ஆக உயர்ந்தது. சிகிரின் பகுதி ஹெத்மான் பதவிக்கே உரியதாயிற்று. ஆனால் ஏட்டில் இடம்பெறாத குடியானவர்கள் பழையபடி தம் பிரபுக்களிடம் திரும்பவேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் பொருளே. அதற்குக் கீழ்ப்படியும்படி போக்தானே ஆணைகள் விடுத்தார், எதிர்த்தவர்களைத் தண்டித்தார். அவர் சொல்லுக்காக ஆயுதம் எடுத்தவர்களுக்கு இது எத்தகைய ஏமாற்றமாய் இருந்திருக்கும்! 1651-இல் பெரெஸ்தெச்கோவில் தோல்வி நேர்ந்தபின் பதிவேடு 20,000 ஆகக் குறைந்தது. 1654-ஆம் ஆண்டு சனவரியில் பெரயாஸ்லாவ் நகரில் அவர் மாஸ்கோவின் சார் மன்னரின் பாதுகாப்பை ஏற்றார். அதே ஆண்டில் சார் மன்னர் சுபோதிவ் அவருக்கே உரியது எனப் பட்டயம் வழங்கினார். போலந்து மன்னர் தந்த பத்திரம் 1646-இல். மாஸ்கோ மன்னர் தந்த பத்திரம் 1654-இல். தலைவருக்கு இரு மன்னரின் பத்திரங்கள் கிடைத்தன. உழுத குடிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதனால் போக்தான் வஞ்சகர் என்று முடிவு கட்டுவது முறையன்று. நாற்புறமும் பகைவர் சூழ, படையைக் கட்டிக்காத்து, ஓர் அரசை நிறுவ முயன்றவர் அவர். பிரபுக்களின் உலகத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குப் பிரபு இல்லாத ஊர் கற்பனைக்கும் எட்டவில்லை. அவர் வேண்டியது தம் நிலத்துக்கு நீதி. அவர் பின் வந்தோர் வேண்டியது எல்லா நிலத்துக்கும் நீதி. இரண்டும் சிறிது தூரம் ஒரே வழியில் சென்றன, பிறகு பிரிந்தன.

கல்லறையும் இல்லாது போயிற்று

1653-இல் மூத்த மகன் திமிஷ் மல்தாவிய நாட்டுப் போரில் மாண்டான். அவன் உடல் சுபோதிவுக்குக் கொணரப்பட்டு அடக்கம் செய்யப்பெற்றது. 1657-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் போக்தானும் சிகிரினில் காலமானார். தாம் கட்டிய எலியா கோயிலிலேயே அவர் நல்லடக்கம் பெற்றார்.

ஏழே ஆண்டுகள்தாம் அமைதி. 1664-இல் போலந்துத் தளபதி ஸ்தெபான் சார்னியெத்ஸ்கி சுபோதிவைப் பிடித்து எரித்தார். சோவ்தி வோதிப் போரில் கொசாக்குகளிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் அவர். போக்தானின் எலும்புகளையும் அவர் மகனின் எலும்புகளையும் தோண்டி எடுத்து வெளியே எறியும்படி அவர் ஆணையிட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கோயிலின் தரையை அகழ்ந்து பார்த்தும் அந்த உடல் கிடைக்கவில்லை. இந்தச் சார்னியெத்ஸ்கி போலந்து மக்களுக்குத் தேசிய வீரர். அவர்களுடைய நாட்டுப்பண்ணில் அவர் பெயர் வருகிறது. ஒரு நாட்டின் வீரர் மறு நாட்டின் நினைவில் கல்லறையைக் கலைத்தவர். வரலாறு படிப்பிப்போர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதை உணர்ந்து பேசவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இளைய மகன் யூரி பதினாறு வயதளவில் ஹெத்மான் பட்டம் பெற்றான், தாங்காமல் துறவியானான், பின்னர்த் துருக்கியர் கையில் பொம்மையாக ஆட்டுவிக்கப்பட்டு முடிவில் அவர்களாலேயே கொல்லப்பட்டான். 1678-இல் சிகிரின் நகரம் துருக்கியர் போரில் அழிந்தது. 1686-ஆம் ஆண்டில் மாஸ்கோவும் போலந்தும் செய்த உடன்படிக்கை, அப்பகுதியை ஆளற்ற நிலமாக விட்டுவைக்கவே முடிவு செய்தது. எந்த ஊருக்காகப் போர் மூண்டதோ அந்த ஊரில் குடியிருக்கவே ஆளில்லை. மாளிகை இடிந்து அடித்தளமாயிற்று. கோயிலின் கனத்த சுவர்கள் மட்டும் நின்றன.

பண்ணையடிமையின் தூரிகை

மீண்டும் குடிகள் வந்தனர். போலந்துப் பிரபுக்களின் ஆட்சி திரும்பிற்று. 1793-இல் போலந்து பங்கிடப்பட்டபோது அப்பகுதி உருசியப் பேரரசோடு சேர்ந்தது. நீப்பரின் கீழ்க்கரையில் 1783-ஆம் ஆண்டில் காதரின் பேரரசியின் ஆணை குடியானவர்களை நிலத்தோடு கட்டிவிட்டிருந்தது. மேற்குக் கரையிலும் பண்ணையடிமை முறையே நிலைத்தது. போக்தானின் காலத்தில் வாளெடுத்தோரின் கொள்ளுப்பேரர்கள் மாட்டைப்போல் விற்கவும் வாங்கவும் பட்டனர்.

அவர்களுள் ஒருவர்தாம் தராஸ் செவ்சென்கோ. 1814-இல் பண்ணையடிமையின் மகனாகப் பிறந்தார். கிராமத்துக் கோயிலின் உதவியாளர் ஒருவரிடம் எழுத்துக் கற்றார். பிரபுவின் வீட்டில் ஏவலாளாக இருந்துகொண்டே ஓவியம் பழகினார். அவருடைய திறமையைக் கண்ட கலைஞர்கள், ஓர் ஓவியத்தைச் சீட்டுக் குலுக்கலில் வைத்துத் திரட்டிய 2,500 ரூபிள் பணத்தால் 1838-இல் அவரை விடுதலை செய்வித்தனர். பின்னாளில் உக்ரேன் மக்கள் தம் தேசியக் கவி எனப் போற்றுபவர் அவரே.

1845-இல் செவ்சென்கோ தொல்பொருட் சின்னங்களை வரையும் பணியில் சுபோதிவுக்கு வந்தார். கோயிலையும், மாளிகையின் இடிபாட்டையும், பழைய கற்சிலுவைகளையும் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அவ்வாண்டிலேயே சுபோதிவ் கோயிலைப் பொருளாகக் கொண்டு கவிதையும் எழுதினார். அந்தக் கோயிலைக் கட்டியவரிடம் அவருக்குப் பக்தியும் உண்டு, கோபமும் உண்டு. பெரயாஸ்லாவில் மாஸ்கோவோடு கைகோத்ததால் நாடு அடிமைப்பட்டதே என்று வருந்தினார். 1861-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் சார் மன்னர் பண்ணையடிமைகளை விடுவிக்கும் சாசனத்தில் கையெழுத்திட்டார். 17-ஆம் நாள்தான் அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. இடையே 10-ஆம் நாள் செவ்சென்கோ இறந்துபோனார். கையெழுத்தான விடுதலை காதில் விழுமுன் அக்கவிஞரின் மூச்சு நின்றது.

இன்று உடையவர் யார்?

சோவியத் ஆட்சியில் போக்தான் உருசியாவோடு இணைத்த வீரர் எனப் புகழப்பெற்றார். 1954-இல் பெரயாஸ்லாவின் முந்நூறாம் ஆண்டு விழாவில் புரோஸ்குரிவ் நகரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1991-இல் சுதந்தரம் பெற்ற உக்ரேன், தனி அரசு அமைத்த முன்னோர் என அவரைப் பணத்தாளில் பொறித்தது. 2022-ஆம் ஆண்டில் உருசியப் படையெடுப்பு மூண்டபின், அந்தப் பழைய பெரயாஸ்லாவ் உடன்பாடு மீண்டும் அந்நாட்டாரின் சிந்தனைக்கு வந்திருக்கிறது. யூத மக்களோ அவரைத் தம் முன்னோர் கொலையுண்ட காலத்தின் பெயராகவே நினைக்கின்றனர். ஒரே மனிதரைப் பற்றி நான்கு வகை நினைவு. நான்கிலும் உண்மை இருக்கிறது.

ஊருக்கு எத்தனையோ பத்திரங்கள் எழுதப்பட்டன. எழுதிக் கொடுத்த அரசுகள் மறைந்தன. வாங்கிய குடும்பத்தின் எலும்பும் அங்கே இல்லை. ஆனால், ஏதோ ஒரு கிராமத்தில் கோயில் உதவியாளர் ஒருவர் ஓர் அடிமைச் சிறுவனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். அவன் வளர்ந்து வந்து இக்கோயிலைத் தன் மக்களுக்கு வரைந்து காட்டினான், எழுதிக் காட்டினான். அதன்பின் அது ஒரு பிரபுவின் கோயிலாக இல்லை. அந்நாட்டு மக்களின் கோயிலாயிற்று.

வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்தும்போது மன்னர் பெயரையும் போர் ஆண்டையும் மனப்பாடம் செய்விப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஊரில் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, இதைக் கட்டியவர் யார், கல் சுமந்தவர் யார், பத்திரம் யார் பெயரில் இருந்தது, இதனால் துன்புற்றவர் யார் என்று நான்கு கேள்விகளை மாணாக்கரிடம் கேட்டுப் பாருங்கள். சுபோதிவின் வரலாறு அந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்கிறது. நம் பக்கத்துக் கட்டடங்களும் சொல்லும். கேட்க வேண்டியவர்கள் நாமே.